பிள்ளை நடக்கிறானா, தாவுகிறானா?

தங்கை அனுப்பிய வீடியோ மொத்தம் 42 விநாடி. அவள் மகன் முதன்முதலாக நடக்கிறான். ஆனால் என் லேப்டாப்பில் அவன் நடக்கவே இல்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்படியே உறைந்தான். அடுத்த கணம் அறையின் நடுவில் இருந்தான். மறுபடி உறைந்தான். அப்புறம் பார்த்தால் தரையில் உட்கார்ந்திருந்தான். எப்போது விழுந்தான், எப்படி விழுந்தான், ஒன்றும் தெரியவில்லை. தங்கையின் குரல் மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் "வா வா வா, இங்க வா" என்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடா இது, பிள்ளை நடக்குறானா, தாவுறானா?" என்று கேட்டார் அம்மா. இன்னும் கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "சரி போ, நல்லா சதை போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஃபோனிலேயே காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தச் சின்னத் திரையில் அம்மாவுக்கு முகம் பிடிபடாது. வாட்ஸாப்பில் அனுப்பினால் தரம் குறைந்துவிடும் என்று தங்கை மூலக் கோப்பையே எங்கோ ஏற்றி இணைப்பை அனுப்பியிருந்தாள். அவள் அப்படி மெனக்கெடாமல் வாட்ஸாப்பிலேயே அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

லேப்டாப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2011இல் வந்தது. இன்டெல்லின் இரண்டாம் தலைமுறை ஐ3, 2.1 கிகாஹெர்ட்ஸ், இரண்டு கோர் (கணக்குப் போடும் பகுதி), நான்கு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). 4 ஜிபி ரேம். திரை 1366க்கு 768. எழுத, படிக்க, கணக்குப் போட இன்றைக்கும் எனக்கு அது போதும். ஹெச்டி வீடியோ என்றால் மட்டும் திக்கும். "பழசாயிடுச்சு, வேற வாங்கு" என்பதுதான் நான் கேட்ட எல்லோரும் சொன்ன பதில். பழசு என்பது காரணம் ஆகுமா? எந்த வேலை, எந்த இடத்தில், எதனால் தாமதமாகிறது என்று சொன்னால்தானே அது காரணம். அதைத் தேடி இரண்டு வார மாலைகளைச் செலவழித்தேன். கடைசியில் கிடைத்தது ஒரு கோளாறு இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்த மூன்று. மேலே இருந்ததை எடுத்தால்தான் அடுத்தது கண்ணில் படும் என்ற நிலை.

முதலில் நான் செய்த தப்புகள். இந்த வீடியோ வருவதற்குச் சில மாதம் முன்பே, திக்கலுக்கு மருந்தாக, சுழலும் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் மாட்டியிருந்தேன். இயந்திரம் எழுந்திருக்கும் நேரம் பாதிக்கும் கீழே போனது, அதில் சந்தேகமே இல்லை. வீடியோ மட்டும் அப்படியே இருந்தது. ஒரு சின்ன வகுத்தல் போட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். தங்கையின் கோப்பு ஏறக்குறைய 60 எம்பி. அதை 42 விநாடியில் படித்து முடிக்க வேண்டும். அப்படியென்றால் விநாடிக்கு ஒன்றரை எம்பிகூட இல்லை. சுழலும் பழைய டிஸ்க்கே விநாடிக்குப் பல பத்து எம்பி தரும். யுஎஸ்பி 2.0 பென் டிரைவ்கூட இதைத் தாராளமாகத் தாங்கும். டிஸ்க் மீது பழி போட ஒரு முகாந்திரமும் இல்லை.

எஸ்எஸ்டி மாட்டியபோது விண்டோஸ் 10ஐப் புதிதாக நிறுவினேன். அப்டேட்தான் வேகத்தைத் தின்கிறது என்று எங்கோ படித்ததை நம்பி, அது தானாக எதையும் இறக்காதபடி நிறுத்தியும் வைத்தேன். இதன் விளைவு பின்னால் வரும்.

அப்புறம் ஒரு கோடெக் தொகுப்பை இறக்கி நிறுவினேன். வீடியோவைச் சுருக்கவும், சுருக்கியதை மறுபடி விரிக்கவும் தெரிந்த நிரல்தான் கோடெக்; விரிக்கும் பாதி டிகோடர். இதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டும். விஎல்சி, எம்பிவி போன்ற பிளேயர்கள் தங்களுக்கு வேண்டிய டிகோடர்களைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து தொகுப்பை இறக்குவதால் அவற்றுக்கு ஒரு லாபமும் இல்லை. வீடியோ திறக்கவே இல்லை என்றால் கோடெக் இல்லை என்று சந்தேகப்படலாம். திறந்து, ஓடி, ஆனால் திக்குகிறது என்றால் கோடெக் இருக்கிறது, வேலை செய்கிறது, மூச்சு வாங்குகிறது என்று பொருள். நான் அதை நீக்கி எறியவே அரை மணி நேரம் ஆனது.

இப்படிச் சுற்றி வந்த பிறகுதான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கேட்பதுதான் முதல் சோதனையாக இருந்திருக்க வேண்டும். படமும் ஒலியும் சேர்ந்து நின்று, திரை நடுவில் வட்டம் சுழன்றால் அது இணையத்தின் மெத்தனம். லேப்டாப்பைத் திட்டிப் பயனில்லை. ஒலியும் படமும் இரண்டுமே கரகரவென்று துண்டு துண்டாக வந்தால் இயந்திரம் மொத்தமாகத் திணறுகிறது, அல்லது ஏதோ ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எல்லாவற்றையும் மறித்துக்கொண்டு நிற்கிறது. ஒலி சீராக ஓடி, படம் மட்டும் தாவித் தாவி வந்தால், படத்தை விரிக்கும் வேலையோ அதைத் திரையில் வரையும் வேலையோ நேரத்துக்கு முடியவில்லை. பிளேயர் ஒலியைத்தான் கடிகாரமாக வைத்துக்கொள்ளும். ஒலியில் ஒரு நொடித்துண்டு விடுபட்டாலும் காது பிடித்துவிடும். கண் அவ்வளவு கறார் இல்லை. அதனால் தாமதமாக வரும் படங்களைப் பிளேயர் காட்டாமலேயே தூக்கிப் போட்டுவிட்டு ஒலியோடு சேர்ந்துகொள்ளும். தங்கையின் "வா வா வா" தடங்காமல் ஓட, அவள் மகன் கட்டிலிலிருந்து அறை நடுவுக்குத் தாவியது இப்படித்தான்.

எவ்வளவு படங்கள் தூக்கிப் போடப்பட்டன என்பதை எண்ணிப் பார்க்கலாம். விஎல்சியில் கன்ட்ரோலோடு ஜே அழுத்தினால் கோடெக் விவரம் வரும். பக்கத்திலேயே புள்ளிவிவரத் தாளில் தொலைந்த ஃபிரேம்களின், அதாவது தனித்தனிப் படங்களின், எண்ணிக்கை ஓடும். எம்பிவியில் ஐ எழுத்தை அழுத்தினால் போதும். நம் வீடியோ விநாடிக்கு 60 ஃபிரேம். 42 விநாடிக்கு 2,520. அதில் தொலைந்தவை 1,400க்கும் மேல். பாதிக்கு மேல் காணோம்! குழந்தை நடந்ததில் பாதியை நாங்கள் பார்க்கவே இல்லை.

இங்கே கொஞ்சம் கணக்கு. 1080பி ஃபிரேம் ஒன்றில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். விநாடிக்கு 60 என்றால் 12 கோடியே 44 லட்சம். ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி விநாடி. 24 ஃபிரேம் சினிமா என்றால் 41.7 மில்லி விநாடி வரை நிதானமாக இருக்கலாம். ஒரே 1080பி என்ற பெயரில் வந்தாலும் ஒன்று மற்றதைவிட இரண்டரை மடங்கு வேலை. "நேற்று ஒரு 1080பி படம் நன்றாக ஓடியதே" என்று குழம்புபவர்கள் ஃபிரேம் எண்ணிக்கையை முதலில் பார்க்க வேண்டும்.

இந்தப் புள்ளிகளைச் சுருக்காமல் வைத்தால், வழக்கமான வண்ணச் சிக்கனத்தோடுகூட ஒரு ஃபிரேம் 3.1 எம்பி. விநாடிக்கு 187 எம்பி. கோப்பிலோ விநாடிக்கு ஒன்றரை எம்பிதான் இருக்கிறது. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியை எங்கிருந்து கொண்டுவருவது? கணக்குப் போட்டுத்தான். முழுப் படம் எப்போதாவது ஒன்று வரும். நடுவில் உள்ளவையெல்லாம் குறிப்புகள்: முந்தைய படத்தின் இந்தக் கட்டத்தை எடு, ஏழு புள்ளி வலப்பக்கம் தள்ளு, கொஞ்சம் வெளிச்சம் கூட்டு. சில ஃபிரேம்கள் பின்னால் வரப்போகும் படத்தையும் பார்த்துத்தான் தங்களை வரைந்துகொள்கின்றன. சுவரும் கட்டிலும் அசையாமல் இருந்த வரை எங்கள் வீடியோ ஓரளவு ஓடியது. தங்கை ஃபோனைத் திருப்பினாளோ இல்லையோ, திரையின் எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் இடம் மாற, பிராசஸர் தடுமாறிவிடும். பையன் நடக்கத் தொடங்கியதும்தானே அவள் ஃபோனைத் திருப்பினாள். பார்க்க வேண்டிய இடத்தில்தான் எப்போதும் திக்கும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எனக்கு இன்னொரு பாடம் காத்திருந்தது. முதலில் நான் சோதித்தது தங்கையின் வீடியோவை இல்லை, ஒரு பழைய கேமராவில் எடுத்து வைத்திருந்த 1080பி கோப்பை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு மாதிரி ஒன்று வேண்டும் என்று தோன்றியது; இரண்டு வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அதுவும் திக்கியது. பிராசஸர் பயன்பாடு 40 சதவீதம் என்று காட்டியது. பாதிகூட இல்லையே, பின் எதற்குத் திக்குகிறது? அந்த வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசஸர்கள் என்று மாற்றினேன். ஒரு பெட்டி நான்கு பெட்டிகளானது. மூன்று சும்மா மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் உச்சியில் முட்டிக்கொண்டு கோடு போட்டது போல நின்றது. நான்கு திரெட்டில் ஒன்று முழுதாகத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 25 சதவீதம்தான். நான்கு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் தலையில் மட்டும் மூட்டை இருந்தால், சராசரி பார்க்கிறவருக்கு எல்லோரும் சுகமாக இருப்பதாகத்தான் தெரியும்.

அந்தப் பழைய கேமராக் கோப்பு எச்.264 வகை. 2003இல் வந்த அந்தச் சுருக்க முறைக்கு என் சிப்பில் தனி மின்சுற்றே இருக்கிறது. பிராசஸரின் பொதுவான கோர்கள் எதை வேண்டுமானாலும் செய்யும், ஆனால் சுற்றி வளைத்துச் செய்யும். அந்தச் சுற்று எச்.264 போன்ற ஓரிரு வகைகளை மட்டும் விரிக்கத் தெரிந்தது. வேறு எதுவும் தெரியாது. ஆனால் அதை அலட்டிக்கொள்ளாமல் செய்யும். 2011இல் வந்த என் லேப்டாப் எச்.264 1080பி வீடியோவைத் தூக்கத்தில்கூட ஓட்ட வேண்டும். ஓட்டவில்லை என்றால் அந்தச் சுற்றை யாரும் கூப்பிடவே இல்லை.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் வரியை விரித்தேன். இன்டெல் கிராஃபிக்ஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் "பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தது. கிராஃபிக்ஸ் டிரைவர் கிடைக்காதபோது திரையில் ஏதாவது தெரியட்டும் என்று விண்டோஸ் தற்காலிகமாகப் போட்டுக்கொள்ளும் ஒட்டுத் துணி அது. அதற்கு வீடியோ விரிக்கத் தெரியாது. படத்தைத் திரை அளவுக்குச் சுருக்கி நீட்டும் வேலையைக்கூட கிராஃபிக்ஸ் பக்கம் தள்ளத் தெரியாது. எல்லாம் பிராசஸரின் தலையில். எஸ்எஸ்டி போட்ட நாளிலிருந்து மாதக்கணக்காக என் லேப்டாப் இப்படித்தான் நொண்டிக்கொண்டிருந்தது. காரணம் நான்தான். அப்டேட்டை நிறுத்தாமல் விட்டிருந்தால் டிரைவர் தானாக வந்து உட்கார்ந்திருக்கும்.

அறிகுறியும் இருந்தது. விண்டோஸைப் புதிதாகப் போட்டதிலிருந்து திரையில் எழுத்துகள் கொஞ்சம் அகலமாக, விளிம்பு மங்கலாகத் தெரிந்தன. கண்ணாடி மாற்ற வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அந்த ஒட்டு டிரைவருக்கு என் திரையின் 1366க்கு 768 என்ற அளவு தெரியவில்லை. 1024க்கு 768இல் வரைந்து அதை அகலவாக்கில் இழுத்து ஒட்டியிருந்தது. வட்டங்களெல்லாம் முட்டையாக இருந்ததைப் பல மாதம் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

சரியான டிரைவரை நிறுவியதும் எழுத்துகள் இளைத்தன, கேமராக் கோப்பு வெண்ணெய் போல ஓடியது. விஎல்சியின் விருப்பங்களில் வன்பொருள் டிகோடிங் தானியங்கி என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். பிராசஸர் பத்துச் சதவீதத்தைச் சுற்றி நின்றது, தொலைந்த ஃபிரேம் பூஜ்யம். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதே இடத்தில் விஏ-ஏபிஐ (வீடியோ விரிக்கும் சுற்றைக் கூப்பிடும் லினக்ஸ் வழி) ஒழுங்காக நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெற்றி என்று நினைத்துத் தங்கையின் வீடியோவைப் போட்டேன். மறுபடி தாவினான்.

இந்தக் கோப்பின் கோடெக் வரியில் எச்இவிசி என்று இருந்தது. எச்.265 என்பதும் அதுதான். 2013இல் வந்த முறை. எச்.264ஐவிடப் பாதி அளவில் ஏறக்குறைய அதே தரத்தைத் தரும் என்பதால் புதிய ஃபோன்கள் பலவும் இதில்தான் படமெடுக்கின்றன. எச்.264 படத்தை 16க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து வேலை செய்யும். இது 64க்கு 64 வரை பெரிய கட்டம் எடுத்து, அதைத் தேவைக்கேற்ப உடைத்து உடைத்து, ஒவ்வொன்றுக்கும் இன்னும் பல விதமாக ஊகம் செய்யும். மிச்சமாகும் ஒவ்வொரு எம்பிக்கும் விரிக்கிறவர்தான் உழைக்க வேண்டும். இன்டெல் சிப்புகளில் இதற்கு முழுமையான தனிச் சுற்று 2015இல், ஆறாம் தலைமுறையில்தான் வந்தது. வண்ணங்களை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கும் 10 பிட் எச்இவிசியும், கூகுளின் சுருக்க முறையான விபி9ம் முழுதாக ஏறியது ஏழாம் தலைமுறையில். 2018இல் வெளியான இன்னொரு சுருக்க முறையான ஏவி1க்கு 2020இல் வந்த பதினொன்றாம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என்னுடையது இரண்டாம் தலைமுறை. சுற்று என்பது சிலிக்கானில் செதுக்கியது. எந்த டிரைவரும், எந்தப் பிளேயரும், எந்த அமைப்பும் இல்லாத சுற்றை வரவழைக்காது. இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது: தேடுவதை நிறுத்திவிடலாம்.

வாட்ஸாப் விஷயம் இப்போது புரிந்திருக்கும். அதில் அனுப்பியிருந்தால் அது தானே சுருக்கி, எளிய வடிவில், குறைந்த அளவில் தந்திருக்கும். மங்கலாக இருந்திருக்கும், ஆனால் பையன் நடந்திருப்பான்.

எச்இவிசிக்குத் தனிச் சுற்று இல்லாவிட்டாலும் நான்கு திரெட்டும் சேர்ந்து உழைத்தால் கொஞ்சமாவது தேறாதா? தேறியது. முதல் முறை ஓட்டியபோது தொலைந்தவை 900க்குப் பக்கம். உடனே மறுபடி ஓட்டினேன்: 1,100. மூன்றாம் முறை: 1,500. அதே கோப்பு, அதே பிளேயர். ஓட்ட ஓட்ட மோசமாகிறது என்றால் அது கணக்கில் வரும் கோளாறு இல்லை. உடம்பில் வரும் கோளாறு. இடது ஓரத்தில் கை வைத்தேன். தோசைக்கல்.

வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் ஒரு சின்ன நிரலைப் போட்டுப் பார்த்தேன். வீடியோ தொடங்கும்போது 1.5 கிகாஹெர்ட்ஸுக்குப் பக்கம். 2.1 ஏன் இல்லை என்பது பின்னால் வரும். 85 டிகிரியைத் தொட்டதும் வேகம் சடசடவென்று இறங்கி 0.8இல் போய் நின்றது. கொஞ்சம் ஆறியதும் ஏறியது, மறுபடி இறங்கியது. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இப்படித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த வரம்பு சிப்புக்குச் சிப்பு மாறும், பெரும்பாலும் 85க்கும் 105க்கும் நடுவில் இருக்கும். தன் முழு வேகத்தில் பாதிக்கும் கீழே விழுந்த பிராசஸரிடம் விநாடிக்கு 60 படம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திறந்து பார்த்தேன். பேட்டரியைக் கழற்றி, அடி மூடியின் திருகுகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த ஓட்டைக்கு உரியது என்று ஒரு தாளில் படம் வரைந்து அதன் மேலேயே வைத்துக்கொண்டேன். நீளத் திருகைக் குட்டை ஓட்டையில் போட்டு முடுக்கி மேல்பக்கம் பொத்துக்கொண்ட அனுபவம் உண்டு. விசிறி வெளியிலிருந்து பார்க்கச் சுத்தமாகவே இருந்தது. விசிறியை எடுத்த பிறகுதான் தெரிந்தது. விசிறிக்கும் அதன் வாயில் இருக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு போல அடைத்துக்கொண்டிருந்தது பத்து வருடத் தூசு. ஊதினால் போகாது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். கிழியாமல் முழுசாக, பாய் சுருள்வது போல வந்தது. அதற்குப் பின்னால்தான் தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. காற்று அடித்துச் சுத்தம் செய்பவர்கள் விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். காற்றில் அது கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும். சிப்பின் மேல் இருந்த, வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தேன்.

மூடிவிட்டு மின்சார அமைப்பையும் பார்த்தேன். பேட்டரி நீடிக்கட்டும் என்று எப்போதோ பிராசஸரின் உச்ச வேகத்தை 70 சதவீதத்துக்குக் கட்டி வைத்திருந்தது தெரிந்தது. 2.1 தொடக்கத்திலேயே 1.5 ஆனது இதனால்தான். இதையும் எண்ணினால் கோளாறு மூன்றரை. சார்ஜர் செருகியிருக்கும்போது நூறு என்று மாற்றினேன். பொருந்தாத சார்ஜர் போட்டால் சில லேப்டாப்புகள் சந்தேகப்பட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

இப்போது எத்தனை முறை ஓட்டினாலும் தொலைந்தவை 500ஐத் தாண்டவில்லை. பாதிக்கு மேல் இருந்தது ஐந்தில் ஒன்றாகிவிட்டது. பையன் தாவவில்லை, நடையில் ஒரு வெட்டு மட்டும் இருந்தது. பிளேயரை நோண்டி இன்னும் கொஞ்சம் பிழியலாமா என்று பார்த்தேன். விஎல்சியில் லூப் ஃபில்டரைத் தவிர்க்க ஓர் அமைப்பு உண்டு. கட்டங்களின் விளிம்பு தெரியாமல் பூசி மெழுகும் வேலை அந்த ஃபில்டருடையது. அதை விட்டால் பிராசஸருக்குக் கணிசமான மிச்சம். எல்லாவற்றுக்கும் விட்டுவிடு என்று வைத்தேன். வேகம் வந்தது, கூடவே பையன் முகத்தில் சதுரம் சதுரமாகத் தழும்பும் வந்தது. பூசாத படத்தை வைத்து அடுத்த படம், அதை வைத்து அதற்கடுத்தது என்று பிழை வட்டி போடும். அடுத்த முழுப் படம் வரும் வரை அழுக்கு சேர்ந்துகொண்டே போகும். வேறு படங்கள் சார்ந்திராத ஃபிரேம்களுக்கு மட்டும் விடு என்று ஒரு நடுநிலைத் தேர்வு இருக்கிறது. அதில் முகம் தப்பியது, லாபமும் குறைந்தது. எம்பிவி இதே கோப்பை விஎல்சியைவிடக் கொஞ்சம் இலகுவாக ஓட்டியது. என் இயந்திரத்தில் அப்படி. எல்லா இடத்திலும் அப்படி என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

பிளேயர் அமைப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த இரவில்தான் ஒரு விஷயம் உறைத்தது. என் திரையில் இருப்பதே 10,49,088 புள்ளிகள். 1080பி ஃபிரேமில் 20,73,600. மூச்சு வாங்கி, சூடாகி, வேகம் குறைந்து 20 லட்சம் புள்ளிகளை விரித்து முடித்ததும், திரைக்குப் பொருந்த வேண்டுமே என்று அதில் பாதியை அழித்துவிடுகிறது. விநாடிக்கு 60 முறை இதே கூத்து. 720பி என்றால் 9,21,600 புள்ளிகள். 1080பியில் 44 சதவீதம். என் திரைக்கு ஏறக்குறைய சரியான சட்டை. 1080பிதான் வேண்டும் என்று நான் அடம்பிடித்ததில் கண்ணுக்கு ஒரு லாபமும் இல்லை.

வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் என்ற நிரலைத் திறந்தேன். வீடியோ எச்.264, அளவு 720பி, ஃபிரேம் எண்ணிக்கை மூலத்தில் உள்ளபடி, ஒலியைத் தொடாமல் அப்படியே. நேரத்துக்கு ஓட்ட முடியாத கோப்பை நேரம் எடுத்துக்கொண்டு மாற்ற எந்தப் பழைய லேப்டாப்பாலும் முடியும். 42 விநாடி வீடியோவுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தது. இரண்டு மணி நேரப் படம் என்றால் இரவில் போட்டுவிட்டுப் படுத்துவிட வேண்டியதுதான். ஒவ்வொரு மாற்றத்திலும் தரம் கொஞ்சம் உதிரும், அதனால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். நாளைக்கு நல்ல லேப்டாப் வந்தால் அதில் பார்க்கலாம். தங்கையிடம் அவள் ஃபோனின் கேமரா அமைப்பில் எல்லாவற்றிலும் ஓடும் வடிவத்துக்கு மாற்றச் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணா, நீயே வந்து மாத்து" என்றாள்.

யூடியூப் தனிக் கதை, ஆனால் வேர் இதேதான். அங்கே ஒரே வீடியோ பல வடிவங்களில் இருக்கும். பிரவுசர் எதை ஓட்டுவேன் என்று சொல்கிறதோ அது வரும். பழைய லேப்டாப்பில் உள்ள புதிய பிரவுசர் விபி9, ஏவி1 எல்லாம் தெரியும் என்று பெருமையாகச் சொல்லிவிடும், பிராசஸரைக் கேட்காமலேயே. வீடியோ மேல் வலது கிளிக் செய்து "நெர்ட்ஸ்" என்று முடியும் கடைசி வரியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கறுப்புப் பெட்டி வரும். கோடெக் வரி விபி09 அல்லது ஏவி01 என்று தொடங்கினால் உங்கள் தனிச் சுற்று சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஏவிசி1 என்றால் அது எச்.264, வேலைக்கு வந்துவிட்டது. எச்.264ஐ மட்டும் கேட்கும்படி பிரவுசரைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷனைப் போட்டேன். அன்றோடு விசிறி அமைதியானது. இந்த வழியில் 1080பிக்கு மேல் கிடைக்காது. 1366 திரைக்கு அதற்கு மேல் எதற்கு? பிரவுசர் அமைப்பில் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன் அணைந்திருந்தால் இவ்வளவும் வீண், அதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியான பிறகும் சினிமாவில் கேமரா பக்கவாட்டில் நகரும்போது ஒரு மெல்லிய நடுக்கம் மிச்சம் இருக்கும். தொலைந்த ஃபிரேம் பூஜ்யம் என்று காட்டினாலும் இருக்கும். 24 ஃபிரேம் படத்தை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் காட்ட, ஒரு ஃபிரேமை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என்று மாற்றி மாற்றித்தான் நிறுத்த முடியும். அந்த நொண்டல் புது லேப்டாப்பிலும் உண்டு. அதைத் துரத்திக்கொண்டு நான் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவை மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்தேன். பையன் கட்டில் காலை விட்டான். கையை இரண்டு பக்கமும் விரித்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அடி. தங்கை ஃபோனைத் திருப்பியபோதும் படம் கூடவே திரும்பியது. அவன் விழவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நடுவில் நின்று, யோசித்து, முட்டியை மெல்ல மடக்கித் தானாக உட்கார்ந்திருக்கிறான். தொலைந்த ஃபிரேம் 2. நான் அந்த 2ஐப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வாடிவிட்டது.

"போன தடவை பார்த்தப்ப கொழுகொழுன்னு இருந்தானேடா. ரெண்டு வாரத்துல இப்படி இளைச்சுட்டானே! அவளுக்கு ஒரு ஃபோன் போடு."